‘மேனேஜர் சொன்னார், செய்தேன்’: கோர்ட்டில் எடுபடுமா?

கேள்வி: கோவையில் கடன் ஆப் தயாரித்துத் தரும் சிறிய நிறுவனம் ஒன்றில் இரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். கடன் வாங்குபவரின் போனில் உள்ள மொத்த கான்டாக்ட் லிஸ்ட்டையும் எடுத்து வசூல் ஏஜென்ட்டுகளுக்கு அனுப்பும் புரோகிராமை எழுதியது நான்தான். தவணை தவறினால் மாமனார் முதல் ஆபீஸ் மேலதிகாரி வரை எல்லோருக்கும் போன் போட்டு மிரட்டுகிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. கேட்டால், “பிரச்சினை வந்தா கம்பெனி ஃபைன் கட்டிக்கும், நீ வேலையைப் பாரு” என்கிறார் மேனேஜர். இப்போது அதையே இன்னொரு ஆப்பிலும் சேர்க்கச் சொல்கிறார். வேலையை விட்டால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்று பாண்ட் இருக்கிறது. நான் மாட்டிக்கொள்வேனா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: மேனேஜர் சொன்னது பாதி உண்மை. ஃபைனை கம்பெனி கட்டும். ஜெயிலுக்கு உங்களுக்குப் பதிலாக யாரும் போக மாட்டார்கள். வோக்ஸ்வேகன் கார் கம்பெனியின் டீசல் மோசடியில் நிறுவனம் அமெரிக்காவில் 280 கோடி டாலர் குற்ற அபராதம் கட்டியது. ஆனாலும், புகைப் பரிசோதனையை ஏமாற்றும் மென்பொருளில் பங்கிருந்த ஜேம்ஸ் லியாங் என்ற இன்ஜினீயருக்கு 2017 ஆகஸ்டில் 40 மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது. அவர் முதலாளி அல்ல, உங்களைப் போல வேலை பார்த்தவர்.

நம் ஊருக்கு வருவோம். கடன் ஆப்கள் கான்டாக்ட் லிஸ்ட், கால் லாக், போட்டோக்களைத் தொடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது. 2025 மே மாத விதிகளிலும் அது இருக்கிறது. வாடிக்கையாளர் ‘அலோ’ அழுத்தினார் என்பது இங்கே உதவாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 85-வது பிரிவு, நிறுவனத்தை நடத்தும் பொறுப்பில் இருப்பவர்களைப் பிடிக்கிறது. நீங்கள் அதில் வரமாட்டீர்கள். ஆனால் நேரடியாகச் செய்தவருக்கு 66-வது பிரிவு இருக்கிறது, நேர்மையற்ற நோக்கம் நிரூபணமானால் மூன்றாண்டு வரை சிறை. ஒப்பந்தத்தின் பேரில் கிடைத்த தனிப்பட்ட தகவலை, கேடு விளையும் என்று தெரிந்தே வெளியே கொடுத்தால் 72ஏ பிரிவிலும் அதே மூன்றாண்டு.

‘தெரிந்தே’ என்ற சொல்லைக் கவனியுங்கள். முதல் ஆப் எழுதியபோது இந்த எண்கள் எதற்குப் போகின்றன என்று உங்களுக்குத் தெரியாது. அதைச் சொல்லி வாதாடலாம். இரண்டாவது ஆப்புக்கு அந்த வாதம் கிடையாது. சட்டப்படி செய்யக் கடமைப்பட்டவருக்குத்தான் மேலிடத்து உத்தரவு பாதுகாப்பு தரும், சம்பளக்காரருக்கு அல்ல. ஆகவே அதை எழுதாதீர்கள்.

மறுப்பதை வாயால் சொல்லாமல் மெயிலில் சொல்லுங்கள். சண்டை வேண்டாம், மூன்று வரி போதும்: “தொடர்புப் பட்டியலை எடுக்க ரிசர்வ் வங்கி விதி அனுமதிக்கவில்லை என அறிகிறேன். எனவே இந்தப் பணியைச் செய்ய இயலவில்லை. விதிப்படி சரி என்றால் எழுத்தில் தெரிவிக்கவும்.” அந்தப் பதில் வராது, பாருங்கள்.

மேனேஜர் உத்தரவு வாட்ஸ்அப்பில் வந்திருந்தால் அந்த போனை ரீசெட் செய்யாதீர்கள், எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள். வெறும் ஸ்க்ரீன்ஷாட் பிரிண்டை மட்டும் எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போக முடியாது. பாரதிய சாட்சிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுப்படி மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழ் வேண்டும். அப்புறம் ஒரு எச்சரிக்கை: ‘ஆதாரத்துக்காக’ என்று வாடிக்கையாளர் டேட்டாவையோ கம்பெனி புரோகிராமையோ பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகாதீர்கள். புகார் கொடுக்கப் போனவரே குற்றம் சாட்டப்பட்டவராக நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

பாண்ட் விஷயத்தில், ‘பாண்டெல்லாம் செல்லாது’ என்று டீக்கடையில் சொல்வதை நம்ப வேண்டாம். ஒரு பொதுத்துறை வங்கி ஊழியரின் 2 லட்சம் பாண்ட் செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் உங்கள் கதை வேறு. சட்டவிரோத வேலையைச் செய்ய வற்புறுத்தியதால்தான் விலகினேன் என்பது வலுவான எதிர்வாதம். ராஜினாமா கடிதத்தில் அந்தக் காரணமும் மெயில் தேதியும் இருக்கட்டும். ‘சொந்தக் காரணம்’ என்று எழுதிவிட்டு வராதீர்கள்.

தனியார் ஊழியர் குற்றத்தைச் சொன்னால் அவரைக் காக்கும் சட்டம் இங்கே சொல்லிக்கொள்ளும்படி இல்லை. எனக்கு இதில் கோபம் உண்டு. அதனால் முதலில் விலகுங்கள், பிறகு புகார் கொடுங்கள். ஆப்புக்குப் பின்னால் இருக்கும் நிதி நிறுவனம்தான் ரிசர்வ் வங்கிக்குப் பதில் சொல்ல வேண்டும். அதன் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். அங்கீகாரமே இல்லாத நிறுவனம் என்றால் ரிசர்வ் வங்கியின் சசேத் என்ற இணையப் புகார் தளம் இருக்கிறது. எதை அனுப்பும் முன்பும், பாண்டையும் அந்த மெயிலையும் எடுத்துக்கொண்டு ஒரு வழக்கறிஞரை நேரில் பாருங்கள்.