வீடு மாறும்போது மழையில் நனைந்த சாமான்: நஷ்ட ஈடு கேட்க முடியுமா?

கேள்வி: வணக்கம் மேடம். போன மாதம் வாடகை வீடு மாறினோம். அன்று காலையிலிருந்தே நல்ல மழை. வேறொரு நாள் வைத்துக்கொள்ளலாமா என்று பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ்காரரிடம் வாட்ஸ்அப்பில் கேட்டேன். "தார்ப்பாய் இருக்கு, ஒண்ணும் ஆகாது, தேதி மாத்தினா அட்வான்ஸ் திரும்பாது" என்று பதில் வந்தது. சாமான் இறங்கும்போது பார்த்தால் மெத்தை, பிளைவுட் அலமாரி, வாஷிங் மெஷின், நாங்களே கட்டிவைத்த புத்தகப் பெட்டிகள் எல்லாம் நனைந்திருந்தன. டிரைவர் நீட்டிய தாளில் அவசரத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டேன். அதில் 'சாமான்களை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்' என்று அச்சடித்திருக்கிறது. இப்போது கேட்டால் மழை கடவுள் செயல், பில்லுக்குப் பின்னால் 'ஓனர் ரிஸ்க்' (சேதமானால் பொறுப்பு சாமான்காரருடையது) என்று போட்டிருக்கிறோம், லாரியும் எங்களுடையது இல்லை என்கிறார்கள். இன்சூரன்ஸ் என்று தனியாக ஒரு தொகையும் வாங்கியிருந்தார்கள். ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். அவர்கள் சொல்லும் காரணங்களைக் கேட்டு மலைத்துப்போய் விட்டுவிடாதீர்கள், பலர் இந்த இடத்தில்தான் விட்டுவிடுகிறார்கள்.

முதலில் மழை. கட்டணம் வாங்கிக்கொண்டு சாலை வழியாகச் சரக்கு ஏற்றிச் செல்பவர்களுக்கென்றே 2007-ஆம் ஆண்டின் சாலைவழி சரக்குப் போக்குவரத்துச் சட்டம் இருக்கிறது. சரக்கு அவர்கள் கையில் இருக்கும்போது சேதமானால் பொறுப்பு அவர்களுடையது என்பதுதான் அதன் 17-ஆவது பிரிவு. அதற்குச் சில விலக்குகள் உண்டு, போர், கலவரம், அரசின் தடை உத்தரவு போன்றவை, 'கடவுள் செயல்' என்பதும் அதில் ஒன்று. அதைத்தான் உங்களிடம் பாதி மட்டும் சொல்லியிருக்கிறார்கள். அதே பிரிவின் கடைசியில், உரிய கவனம் எடுத்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய சேதம் என்றால் இந்த விலக்குகளைக் காட்டித் தப்ப முடியாது என்றும் இருக்கிறது. காலையிலிருந்து பெய்துகொண்டிருந்த மழை யாரும் எதிர்பாராத ஒன்றா என்ன? மழை பெய்கிறது என்று தெரிந்தே, தார்ப்பாய் இருக்கிறது என்று உறுதி சொல்லித்தான் வண்டியை எடுத்திருக்கிறார்கள். போகிற வழியில் திடீரென்று வெள்ளம் வந்து லாரியையே அடித்துக்கொண்டு போயிருந்தால் கதை வேறு. உங்கள் விஷயத்தில் கேள்வி ஒன்றுதான், சாமான் நனையாமல் இருக்க அவர்கள் என்ன செய்தார்கள்?

அதனால் உங்கள் கையில் இருப்பதிலேயே பலமான சாட்சி அந்த வாட்ஸ்அப் உரையாடல். தேதியை மாற்றலாமா என்று கேட்டது நீங்கள், மறுத்தது அவர்கள். அதை அழித்துவிடாதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதும் என்று நினைக்கவும் வேண்டாம். மின்னணு ஆவணத்தைத் தாக்கல் செய்யும்போது 2023-ஆம் ஆண்டின் பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவின்படி ஒரு சான்றிதழ் சேர்ப்பது நல்லது, மூலக் கருவி, அதாவது அந்த போன், உங்களிடம் இருந்தால் அது சுலபம். முந்தைய நாளும் அன்றும் வானிலை ஆய்வு மையம் வெளியிட்ட அறிவிப்பையும் எடுத்து வையுங்கள்.

அடுத்தது, நனைந்த சாமானைத் திரும்பவும் ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதை ஈரத்தின் தடமே காட்டிக்கொடுக்கும். அலமாரியின் அடிப்பலகை மட்டும் உப்பி, ஓரத்துப் பட்டை பிரிந்து நிற்கிறது என்றால் லாரித் தளத்தில் தண்ணீர் தேங்கி நின்றிருக்கிறது. மேல் பலகையில் கறை இறங்கியிருந்தால் தார்ப்பாய் கிழிசல், அல்லது ஒழுங்காகக் கட்டவில்லை. மெத்தையின் ஒரு பக்கம் மட்டும் ஊறியிருந்தால் லாரியின் பின்பக்கத்தைத் திறந்தபடி கொண்டுவந்திருக்கலாம். ஒவ்வொன்றையும் தூரத்திலிருந்து ஒன்று, கிட்டப்போய் ஒன்று எனப் படம் எடுங்கள். வாஷிங் மெஷினைத் தயவுசெய்து போட்டுப் பார்க்காதீர்கள். ஆபத்து என்பது ஒரு பக்கம், அப்புறம் நீங்கள் ஓட்டித்தான் கெட்டது என்பார்கள். கம்பெனி சர்வீஸ் ஆளை வரவழைத்து, தண்ணீர் புகுந்து பழுதானது என்று எழுதி வாங்குங்கள்.

கையெழுத்து விஷயத்துக்காக ரொம்பக் கவலைப்பட வேண்டாம். கொட்டும் மழையில், கட்டு பிரிக்காத சாமானுக்கு முன்னால் நின்று போட்ட கையெழுத்து அது. அன்றே அல்லது மறுநாளே நனைந்திருக்கிறது என்று நீங்கள் மெசேஜ் அனுப்பியிருந்தால் அந்த அச்சடித்த வரியின் வலு பெரிதும் குறைந்துவிடும். அனுப்பவில்லை என்றால் கொஞ்சம் சிரமம்தான், ஆனாலும் அன்றைய தேதியில் எடுத்த போட்டோ, இறக்கும்போது கூட இருந்த பக்கத்து வீட்டுக்காரரின் வாக்குமூலம் எல்லாம் உதவும்.

'ஓனர் ரிஸ்க்' என்று பில்லின் பின்னால் பொடி எழுத்தில் போட்டுவிட்டதால் கவனக்குறைவுக்கான பொறுப்பு போய்விடாது. லாரி எங்களுடையது இல்லை என்பதும் நிற்காது, ஏனென்றால் வேறொருவர் வண்டியை வைத்து வீட்டுக்கு வீடு கொண்டுசேர்க்கும் முகவர், ஒப்பந்தக்காரர், புரோக்கர் எல்லோரையும் சேர்த்துத்தான் அந்த 2007-ஆம் ஆண்டுச் சட்டம் 'பொதுச் சரக்கு ஏற்றிச் செல்பவர்' என்கிறது. கவனக்குறைவை நிரூபிக்கும் சுமையும் உங்கள் தலையில் இல்லை. நுகர்வோர் வழக்குக்கும் இது பொருந்தும் என்று 2000-ஆம் ஆண்டிலேயே, அப்போதிருந்த பழைய சரக்குப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ், உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இப்போது அவசரமான விஷயத்துக்கு வருகிறேன். சாமான் புக் செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள், வழக்குப் போடுவதற்கு முன்பாக, சேதத்தைப் பற்றி அவர்களுக்கு எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும். அதே 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு இது. போனில் சண்டை போட்டது நோட்டீஸ் ஆகாது. 'பார்க்கிறோம், பேசுகிறோம்' என்று மாதக்கணக்கில் இழுத்தடிப்பார்கள், நல்ல வழக்குகூட இந்த ஒரு காரணத்தால் விழுந்துவிடும், நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான். வக்கீல் வைத்துத்தான் அனுப்ப வேண்டும் என்று இல்லை. புக் செய்த தேதி, பில் எண், என்னென்ன நனைந்தது, எவ்வளவு கேட்கிறீர்கள், எத்தனை நாளுக்குள் என்று வெள்ளைத்தாளில் எழுதி ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்த அத்தாட்சியை வைத்துக்கொள்ளுங்கள். மெயிலிலும் ஒன்று அனுப்புங்கள்.

அதே நோட்டீஸில் இன்சூரன்ஸ் பாலிசியின் நகலையும் கேளுங்கள். பதிவு பெற்ற காப்பீட்டு நிறுவனம்தான் பாலிசி கொடுக்க முடியும், பில்லில் ஒரு வரி போட்டுப் பணம் வாங்கினால் அது இன்சூரன்ஸ் ஆகிவிடாது. பாலிசி இருந்தால் நேரே அந்த நிறுவனத்துக்கு எழுதுங்கள், சேதத்தை மதிப்பிட அவர்களுடைய சர்வேயர் வருவார். இல்லையென்றால் இல்லாத காப்பீட்டுக்குப் பணம் வாங்கியது தனியாக ஒரு புகார், அது உங்கள் வழக்குக்குப் பலம் சேர்க்கும்.

எவ்வளவு கிடைக்கும் என்று கேட்பீர்கள். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அந்தச் சட்டத்தின் கீழ் வந்த 2011-ஆம் ஆண்டு விதிகளின்படி, அதிகப் பொறுப்பு ஏற்பதற்கான கூடுதல் ரிஸ்க் கட்டணம் கட்டாத சரக்குக்கு, கொடுத்த வண்டிக் கட்டணத்தின் பத்து மடங்கு வரைதான் பொறுப்பு, அதுவும் புக் செய்யும்போது சாமானுக்கு நீங்கள் எழுதிக்கொடுத்த மதிப்பைத் தாண்டாது. புதுச் சாமான் விலையும் கிடைக்காது, பயன்படுத்திய காலத்துக்குக் கழித்துத்தான் கணக்கிடுவார்கள். நீங்களே கட்டிய புத்தகப் பெட்டிகளுக்கு, சரியாகக் கட்டவில்லை என்று வாதாட அவர்களுக்கு இடமிருக்கிறது. அதைக் கேட்காமல் விட வேண்டாம், ஆனால் அதையே பெரிதாக நம்பியும் இருக்க வேண்டாம்.

நோட்டீஸுக்குப் பதில் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தபிறகு நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம், அவர்கள் அலுவலகம் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். சேவைக்கு நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணமே கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம், ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் ஒரு புகார் பதிந்து பாருங்கள், சில நிறுவனங்கள் அந்தக் கட்டத்திலேயே சமரசத்துக்கு வந்துவிடும். அப்படி வந்தால் பணம் கைக்கு வந்தபிறகே 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று எழுதிக்கொடுங்கள். அதுவரை அந்த மெத்தையும் அலமாரியும் எவ்வளவு இடைஞ்சலாக இருந்தாலும் வீட்டைவிட்டு வெளியே போக வேண்டாம்.