பழைய சிட்டிக்கு நைட்ரஸ் மாட்டலாமா?

கேள்வி: என்னிடம் 2002 மாடல் ஹோண்டா சிட்டி 1.5 விடெக் இருக்கிறது. இன்ஜின் வேலை பார்த்து, 50 ஷாட் (50 குதிரைத்திறன் கூட்டும்) நைட்ரஸ் ஆக்ஸைடு கிட் மாட்ட ஆசை. தெரிந்த மெக்கானிக் ஒருவர், ஆஸ்பத்திரியில் மயக்கம் கொடுக்க வைத்திருக்கும் நைட்ரஸ் சிலிண்டரே போதும், செலவு குறையும் என்கிறார். எதிலிருந்து தொடங்குவது?
– ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: அருமையான வண்டி வைத்திருக்கிறீர்கள். கம்பெனியிலிருந்து வரும்போதே 106 குதிரைத்திறன், எடையும் குறைவு. ஆனால் இருபது வயது தாண்டிய இன்ஜின். ஆகவே கிட் விலை விசாரிப்பதற்கு முன்னால் ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் தருகிறது என்று பார்க்கும் கம்ப்ரெஷன் டெஸ்ட் எடுத்துவிடுங்கள். நான்கு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று பத்து சதவீத வித்தியாசத்துக்குள் நிற்க வேண்டும். ஒன்று மட்டும் இறங்கியிருந்தால் ரிங், வால்வு, ஹெட் கேஸ்கெட் மூன்றில் ஏதோ ஒன்று போயிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் மேற்கொண்டு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள்.

நைட்ரஸை எரிபொருள் என்று நினைக்கிறவர்கள் நிறைய. அது தானாக எரியாது. எடையில் 36 சதவீதம் ஆக்சிஜன். காற்றில் 23 சதவீதம்தான். சிலிண்டருக்குள் இருக்கிற சூட்டில் உடைந்து அந்த ஆக்சிஜனை விடுவிக்கிறது, அவ்வளவுதான். அதற்கு ஈடான பெட்ரோலும் சேர்ந்து போனால் பவர் கிடைக்கும். பெட்ரோல் குறைந்தால் சூடு ஏறும், நாக்கிங் (கலவை தாறுமாறாக வெடிப்பது) வரும், பிஸ்டன் உருகும். நைட்ரஸ் போட்டால் இன்ஜின் போய்விடும் என்பவர்கள் பெரும்பாலும் பார்த்திருப்பது பெட்ரோல் பற்றாமல் போன இன்ஜினைத்தான்.

உங்கள் வண்டியில் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதன் ஈசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்), காற்று உள்ளே போகும் மேனிஃபோல்டின் அழுத்தத்தை வைத்துப் பெட்ரோலைக் கணக்கிடுகிற வகை. நைட்ரஸ் உள்ளே போவது அதற்குத் தெரியவே தெரியாது. அதனால் நைட்ரஸை மட்டும் விடும் 'டிரை' கிட் வேண்டாம். நைட்ரஸும் பெட்ரோலும் ஒரே நாஸிலில் சேர்ந்து பீய்ச்சும் 'வெட்' கிட் வாங்குங்கள். பழைய ப்யூவல் பம்ப்பை மாற்றிவிட்டு, ரப்பர் ஹோஸ்களையும் பாருங்கள். இப்போது பங்க்கில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் பெட்ரோலை மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட ரப்பர் இல்லை அவை. பெட்ரோல் பிரஷர் இறங்கினால் நைட்ரஸைத் தானாக நிறுத்தும் சுவிட்ச் கட்டாயம் வேண்டும். ஆக்ஸிலரேட்டர் முழுசாக மிதித்தால் மட்டும் வேலை செய்யும் சுவிட்சும், 3,000 ஆர்பிஎம்முக்குக் கீழே திறக்கவிடாத விண்டோ சுவிட்சும் அப்படியே. குறைந்த சுற்றில் நைட்ரஸ் திறந்தால் இன்டேக்கில் தேங்கி வெடிக்கும்.

டைமிங்கும் (பிளக் பொறி விடும் நேரம்) முக்கியம். 50 குதிரைத்திறன் கூட்டினால் சுமார் இரண்டு டிகிரி பின்னே தள்ளுவது வழக்கம். உங்கள் வண்டியில் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பியே தள்ளலாம். ஆனால் நைட்ரஸ் ஓடாத நேரத்திலும் அது பின்தங்கியே நிற்கும், வண்டி மந்தமாகிவிடும். நைட்ரஸ் ஓடும்போது மட்டும் பின்னே தள்ளுகிற இக்னிஷன் பாக்ஸ் போடுவதே சரி. பிளக் ஒரு படி குளிர்ந்ததாக, அதாவது சூட்டைச் சீக்கிரம் வெளியேற்றும் வகையாக இருக்கட்டும்.

பெட்ரோல் பற்றாமல் ஓட்டிய வண்டி ஒன்று பட்டறைக்கு வந்தது. மூன்றாவது சிலிண்டர் பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வெள்ளைப் பீங்கானில் மிளகுப்பொடி தூவினாற்போலப் புள்ளிகள். லென்ஸ் வைத்துப் பார்த்தால் அவற்றில் சில மினுங்கின. அது பிஸ்டனிலிருந்து பறந்து வந்த அலுமினியம். ஹெட்டைத் தூக்கியபோது எக்ஸாஸ்ட் பக்கம் பிஸ்டன் விளிம்பு அரித்துப் போயிருந்தது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு பிளக்கைக் கழற்றிப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

ஒரிஜினல் பிஸ்டனோடு 50 ஷாட் வேண்டாம் என்பது என் கருத்து. 35 குதிரைத்திறனுக்கான ஜெட்டோடு (நைட்ரஸ் அளவைக் கட்டுப்படுத்தும் சிறு துளை) தொடங்கி, பவரை அளக்கும் டைனோவில் ஏஎஃப்ஆர் (காற்று-பெட்ரோல் விகிதம்) பார்த்துவிட்டு மேலே போகலாம். 50க்கோ அதற்கு மேலோ ஆசை இருந்தால் ஃபோர்ஜ்டு (அழுத்தி அடித்துச் செய்த, வலுவான) பிஸ்டன், நல்ல கனெக்டிங் ராடு போட்டு, ரிங் இடைவெளியையும் கூட்டிக் கட்ட வேண்டும். சூட்டில் ரிங் முனைகள் முட்டிக்கொண்டால் பிஸ்டனே உடையும். கிளட்ச், டயர், பிரேக் மூன்றையும் கிட்டுக்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள்.

அப்புறம் ஆஸ்பத்திரி சிலிண்டர். தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். கார் பாட்டிலுக்குள் அடிவரை போகும் குழாய் உண்டு, திரவம் வெளியே வருவதற்காக. ஆஸ்பத்திரி சிலிண்டர் வாயுவாகக் கொடுக்கும். ஜெட் கணக்கெல்லாம் திரவத்துக்குப் போட்டது. வாயு வந்தால் கலவையே மாறிவிடும். அதோடு அது ஆபரேஷன் தியேட்டருக்குப் போக வேண்டிய பொருள்.

கேள்வி: எங்கள் ஊர் வெயிலில் நைட்ரஸ் பாட்டிலை டிக்கியிலேயே வைத்துக்கொண்டு சுற்றலாமா?
– ஒரு வாசகர், வேலூர்

பதில்: கூடாது. பாட்டிலுக்குப் பிடித்த சூடு 30 டிகிரி வாக்கில். அப்போது உள்ளே அழுத்தம் 900 பிஎஸ்ஐயைச் சற்றுத் தாண்டியிருக்கும். 36.4 டிகிரியைத் தாண்டினால் நைட்ரஸ் திரவமாக நிற்காது. வேலூர் மே மாதத்தில் வெயிலில் நிற்கும் காரின் டிக்கி அதைச் சுலபமாகத் தாண்டும். பிரஷர் எகிறினால் ஜெட் வழியாகப் போகும் அளவும் மாறும். நேற்று சரியாக இருந்த கலவை இன்று இருக்காது. பிரஷர் கேஜ் பார்க்காமல் பட்டனைத் தொடாதீர்கள். பாட்டிலின் சேஃப்டி டிஸ்க் உடைந்தால் வாயு கேபினுக்குள் வராதபடி, அதிலிருந்து வண்டிக்கு வெளியே ஒரு குழாய் போட்டிருக்க வேண்டும். ஓட்டம் முடிந்ததும் பாட்டிலைக் கழற்றி நிழலில் வையுங்கள்.

கேள்வி: ரோட்டில் ஓட்டினால் போலீஸ் பிடிக்குமா?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: பிடிக்கலாம். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அதே ஆண்டு திருத்தத்தின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ உண்டு. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனியும் கையை விரிக்கலாம். பதினைந்து வருடம் தாண்டிய வண்டி என்றால் ஆர்.சி. புதுப்பிக்க ஆர்.டி.ஓ. முன்னால் நிறுத்தவும் வேண்டும். கோவை செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே போன்ற டிராக்கில் ஓட்டுங்கள். அங்கும் நைட்ரஸை அனுமதிப்பார்களா என்று ஏற்பாட்டாளரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். வண்டியை ஓட்டிக்கொண்டு போகாமல் டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுபோங்கள்.