துளையைச் சிறிதாக்கினால் சிட்டுக்குருவி வராதா?

கேள்வி: வட கரோலினாவில் ராலே பக்கம் இருக்கிறோம். போன வருடம் புளூபேர்ட் என்ற நீலப் பறவை கூடு கட்டுவதற்கான பெட்டி ஒன்றைக் கடையில் வாங்கி வேலியில் மாட்டினோம். புளூபேர்ட் ஜோடி ஒன்று இரண்டு நாள் வந்து எட்டிப் பார்த்தது. அதற்குள் சிட்டுக்குருவி பிடித்துக்கொண்டது. இந்த வருடம் நானே மரத்தில் செய்யலாம் என்றிருக்கிறேன். துளையைச் சிறிதாக வைத்தால் குருவி வராதா? வந்தால் அதன் கூட்டைக் கலைக்கலாமா? மனசு கேட்கவில்லை.

பதில்: துளையைச் சிறிதாக்க வேண்டாம். சிறிதாக்கினால் வெளியே நிற்கப்போவது புளூபேர்ட்தான். உங்கள் பகுதியில் இருக்கும் கிழக்கத்திய புளூபேர்டுக்கு 1½ அங்குல வட்டத் துளை வேண்டும். அந்த அளவில், கூட்டுக்குப் போட்டியிடும் ஸ்டார்லிங் பறவை நுழைய முடியாது. சிட்டுக்குருவியோ 1¼ அங்குலத்திலேயே நெருக்கிக்கொண்டு உள்ளே போய்விடும். ஆகவே வட்டத் துளை போட்ட பெட்டியை ‘குருவி புகாதது’ என்று யார் விற்றாலும் நம்பாதீர்கள். இணையத்தில் இப்படி விற்பவர்கள் நிறைய. மேலே ‘புளூபேர்ட் ஹவுஸ்’ என்று எழுதிக்கொள்ள எந்தத் தகுதியும் தேவையில்லை, கேட்பாரும் இல்லை.

கடைப்பெட்டியை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். துளைக்குக் கீழே ஒரு குச்சி நீட்டிக்கொண்டிருக்கும். புளூபேர்டுக்கு அது வேண்டாம். குருவி உட்கார்ந்து உரிமை கொண்டாடத்தான் உதவும். பலகை அரை அங்குலம்கூட இருக்காது, கரோலினா வெயிலில் உள்ளே குஞ்சு வெந்துபோகும். எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, பலவற்றைத் திறக்கவே முடியாது. குருவிப் பிரச்சினைக்குத் துளையில் தீர்வு கிடையாது, கதவில்தான் இருக்கிறது. வாரம் ஒருமுறை திறந்து பார்க்க முடியாத பெட்டியை மாட்டுவது குருவிக்கு வீடு கட்டித் தருவதுதான்.

செய்முறைக்கு வருவோம். 1x6 அளவில் 6 அடிப் பலகை ஒன்று, கூரைக்கு 1x10 அளவில் ஒரு துண்டு. சிடார் நல்லது, பைனும் போதும். பூச்சிக்கும் மட்கலுக்கும் மருந்து ஏற்றிய பலகை கூடாது. 1x6 என்று சீட்டு ஒட்டியிருந்தாலும் உண்மையில் அது ¾ அங்குலக் கனமும் 5½ அங்குல அகலமும்தான். 1x10-இன் அகலம் 9¼. இதை மறந்து கணக்குப் போட்டால் எந்தத் துண்டும் பொருந்தாது.

முதுகுப் பலகை 16 அங்குலம், முன்பலகை 10 அங்குலம். பக்கப் பலகைகள் இரண்டையும் 9½ அங்குல நீளத்தில் அறுத்து, அகலத்தை 4 அங்குலமாகக் குறையுங்கள். தரை 4க்கு 4. கூரை 1x10-இல் 10 அங்குலம். பக்கப் பலகைகள் முன்னுக்கும் முதுகுக்கும் நடுவில் உட்கார வேண்டும். அவை முன்பலகையைவிட அரை அங்குலம் குட்டை என்பதால் கூரைக்கடியில் இருபுறமும் காற்றுக்கு இடைவெளி கிடைக்கும், அதை அடைத்துவிடாதீர்கள். தரையின் நான்கு மூலைகளையும் ⅜ அங்குலம் வெட்டிவிட்டால் தண்ணீர் வடியும். தரையைப் பலகைகளின் அடிவிளிம்பிலிருந்து ¼ அங்குலம் மேலே தூக்கிப் பொருத்துங்கள், இல்லாவிட்டால் மழைநீர் ஊறி ஏறும்.

துளையின் மையம் முன்பலகையின் மேல்விளிம்பிலிருந்து 2½ அங்குலம் கீழே. ஃபோர்ஸ்ட்னர் பிட் (சுத்தமான வட்டத் துளை போடும் அலகு) போட்டுத் துளைக்கும்போது பின்னால் ஒரு கழிவுப் பலகையை வைத்து அழுத்திக்கொண்டால் சிலாம்பு பெயராது. உள்பக்கம், துளைக்குக் கீழே, ரம்பத்தால் ⅛ அங்குல ஆழத்தில் ஆறேழு குறுக்குக் கோடுகள் கீறுங்கள். குஞ்சு நகத்தை ஊன்றி மேலே ஏற அதுதான் ஏணி. உள்ளே பெயின்ட், வார்னிஷ் எதுவும் வேண்டாம்.

கதவு: ஒரு பக்கப் பலகையை நிரந்தரமாக முடுக்கிவிடுங்கள். மற்றதுதான் கதவு. அதற்கு, மேல்விளிம்பிலிருந்து 1 அங்குலம் கீழே, முன்பலகை வழியாக ஒரு திருகு, முதுகு வழியாக ஒரு திருகு. இரண்டும் ஒரே உயரத்தில் இருந்தால்தான் கதவு சுழலும், மேலே கீழே இருந்தால் இறுகிக்கொள்ளும். கதவுப் பலகையின் அகலத்தில் மயிரிழை இழைத்துவிடுங்கள். மழைக்காலத்தில் மரம் உப்பினால் திறக்க வராது. தரையைக் கதவோடு சேர்த்து முடுக்காதீர்கள். கதவின் அடியில் ஒரு கொக்கி போதும். மற்ற இடங்களில் 1⅝ அங்குல வெளிப்புறத் திருகு, முன்துளை போட்டு.

வேலியிலோ மரத்திலோ அடிக்காதீர்கள். ரக்கூனும் எலிப்பாம்பும் வேலி வழியாகத்தான் வரும். ‘மரத்தில் மாட்டித் தருகிறோம்’ என்று காசு வாங்கும் ஆட்களைத் திருப்பி அனுப்புங்கள். ½ அங்குல முறுக்குக் கம்பி 4 அடி வாங்கி, பாதியை மண்ணில் இறக்கி, மேலே மின்கம்பி செல்லும் ½ அங்குல உலோகக் குழாயைச் செருகிப் பெட்டியை 5 அடி உயரத்தில் மாட்டுங்கள். பெட்டிக்குக் கீழே 8 அங்குல விட்டம், 24 அங்குல நீளத்தில் அடுப்புப் புகைக்குழாய் ஒன்றைத் தொங்கவிட்டு, அதன் மேல்வாயை அரை அங்குலக் கம்பிவலையால் மூடுங்கள். மூடாவிட்டால் பாம்பு குழாய்க்குள்ளேயே ஏறி மேலே வந்துவிடும்.

இனி குருவி. ஊரில் நாம் பெட்டி செய்து தொங்கவிட்டு வா வா என்று கூப்பிடும் அதே இனம்தான் இது. அதனால்தான் மனசு கேட்கவில்லை, புரிகிறது. ஆனால் இங்கே இது 1851-இல் புரூக்ளினில் கொண்டுவந்து விடப்பட்ட பறவை. பெட்டிக்குள் அடைகாக்கும் புளூபேர்டை மண்டையில் கொத்திக் கொன்றுவிட்டு, அதன் மேலேயே கூடு கட்டும். இங்குள்ள நாட்டுப் பறவைகளைக் காக்கும் 1918-ஆம் ஆண்டு வலசைப் பறவைகள் சட்டம் இதற்குப் பொருந்தாது. கூட்டைக் கலைக்கலாம்.

கலைக்குமுன் அது குருவிக் கூடுதானா என்று உறுதிசெய்யுங்கள். இதில்தான் நல்லெண்ணம் கொண்டவர்கள்கூடச் சட்டத்தை மீறுகிறார்கள். ‘புள்ளி போட்ட முட்டை என்றால் குருவி’ என்று சொல்லிக்கொடுப்பவர்கள் உண்டு, தவறு. சிக்கடி என்ற சிறு பறவையின் முட்டையிலும் செம்புள்ளி உண்டு, ஆனால் அடியில் பச்சைப் பாசி மெத்தை இருக்கும். ‘இறகு கிடந்தால் குருவி’ என்பதும் தவறு. மர ஸ்வாலோ (தகைவிலான்) இறகு பரப்பும், அதன் முட்டை வெள்ளை வெளேரென்று இருக்கும். எல்லோரையும் ஏமாற்றுவது கரோலினா ரென் என்ற குட்டிப் பறவை. அதுவும் குருவி போலவே மேலே மூடி பக்கத்தில் வாசல் வைத்துக் கட்டும், முட்டையிலும் புள்ளி. கூட்டை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் ரென் குடும்பத்தைக் குப்பையில் போட்டுவிடுவீர்கள், அது குற்றம். தள்ளி நின்று அரைமணி நேரம் யார் நுழைகிறார்கள் என்று பாருங்கள். சாம்பல் உச்சி, கழுத்தடியில் கறுப்புப் பட்டை என்றால் ஆண் குருவி. வெள்ளைப் புருவம், தூக்கிய வால் என்றால் ரென். கதவைச் சாத்திவிட்டு வந்துவிடுங்கள். சந்தேகம் என்றால் தொடவே தொடாதீர்கள்.

குருவிதான் என்றால், கட்டத் தொடங்கியதுமே எடுத்துவிடுங்கள், விடாமல் வந்தால் துளையைச் சில நாள் அடைத்துவையுங்கள். முற்றத்தில் உடைத்த சோளமும் தினையும் போடுவதை நிறுத்துங்கள், குருவியை இழுப்பது அதுதான். புளூபேர்ட் முதல் நீல முட்டை இட்டதும், கூரைக்கு மேலே குறுக்குக் குச்சி நட்டு, பளபளக்கும் மைலார் பிளாஸ்டிக் பட்டைகள் கூரையைத் தொடும்படி தொங்கவிடுங்கள். குருவி மிரளும். முட்டை இட்டுவிட்ட புளூபேர்ட் பெரும்பாலும் மிரளாது. முட்டைக்கு முன்பே கட்டினால் அதுவும் ஓடிவிடும்.

வீட்டுமனைச் சங்கத்திடம் கம்பம் நட எழுத்தில் அனுமதி வாங்குங்கள். மூன்றடிப் பிளாஸ்டிக் கொக்குப் பொம்மைக்குக் கேள்வி கேட்காத குழுக்கள் ஒரு பறவைப் பெட்டிக்கு வரைபடம், நிறச் சான்று எல்லாம் கேட்டு மாதக்கணக்கில் இழுக்கும். ஏப்ரலில் வந்து கழற்றச் சொன்னால், முட்டையோ குஞ்சோ உள்ள கூட்டை அகற்றுவது அந்த 1918 சட்டப்படி குற்றம் என்று பதில் எழுதுங்கள். பிப்ரவரிக்குள் பெட்டி நிற்க வேண்டும், ஆகவே மனுவை இலையுதிர் காலத்திலேயே கொடுத்துவிடுங்கள்.

குஞ்சு பொரித்த 13-ஆம் நாளுக்குப் பிறகு கதவைத் திறக்காதீர்கள், பறக்கத் தெரியாமலே வெளியே குதித்துவிடும். எல்லாம் பறந்துபோனதும் பழைய கூட்டை எடுத்துவிட்டால் அதே ஜோடி அந்தக் கோடையிலேயே மறுபடி கட்டக்கூடும்.