கலவன் எது?

வணக்கம். பரம்பரைக் குறை என்று சொல்லிக் கட்டாயக் கருத்தடை செய்த இனமேம்பாட்டுச் சட்டங்கள் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் மன்னார்குடிப் பக்கம் விவசாயம் செய்கிறேன். விதைக்கு விடும் வயலில் இறங்கிக் கலவனை, அதாவது கலந்து முளைத்த வேற்று ரகப் பயிரை, பிடுங்கி எறிகிறோம். அதை யாரும் பாவம் என்பதில்லை. பரம்பரை நோய் உள்ளவர்கள் பிள்ளை பெறாமல் தடுத்தால் அடுத்த தலைமுறைக்கு நல்லதுதானே? நோக்கம் சரி, செய்த விதம்தான் தப்பு என்று எனக்குப் படுகிறது.
க., மன்னார்குடி

அன்புள்ள க.,

பிரிட்டிஷ் விஞ்ஞானி பிரான்சிஸ் கால்டனும் ஏறக்குறைய இதைத்தான் கேட்டார். குதிரையையும் நாயையும் தேர்ந்து வளர்க்கிறோமே, மனிதரை ஏன் கூடாது என்று. 1883-இல் அதற்கு ‘யூஜெனிக்ஸ்’ (இனமேம்பாடு) என்று பெயரும் வைத்தார்.

நெல்லிலிருந்தே வருவோம். கலவன் எது என்று முடிவு செய்பவர் வயல்காரர். தனக்கு என்ன வேண்டுமோ அதை வைத்து முடிவு செய்கிறார். அறுபதுகளில் ஆடுதுறை 27 என்ற புது ரகம் வந்ததும் மாப்பிள்ளைச் சம்பாவும் காட்டுயானமும் நமக்கு வேண்டாத நெல்லாகிவிட்டன. அப்புறம் நெல் ஜெயராமன் ஊர் ஊராக அலைந்து 150-க்கும் மேற்பட்ட பழைய ரகங்களை மீட்டார். ஆதிரெங்கம் நெல் திருவிழாவுக்குப் போய் அதே நெல்லை நாமே கேட்டு வாங்கி வந்தோம். நெல் விஷயத்திலேயே நம் தீர்ப்பு ஐம்பது வருஷம் நிற்கவில்லை.

மனிதர் விஷயத்தில் அந்தத் தீர்ப்பை எப்படிச் சொன்னார்கள் என்று பாருங்கள். அமெரிக்காவில் இண்டியானா மாநிலம் 1907-இலேயே கட்டாயக் கருத்தடைச் சட்டம் போட்டது. வர்ஜீனியாவின் சட்டம் 1924-இல் வந்தது. அங்கே கேரி பக் என்ற பெண், வளர்ப்பு வீட்டாரின் உறவுக்காரன் பலாத்காரம் செய்ததில் 17 வயதில் கர்ப்பமானாள். வீட்டார் அவளுக்கு மந்தபுத்தி என்று சொல்லிக் காப்பகத்தில் சேர்த்துவிட்டார்கள். அவள் அம்மா ஏற்கெனவே அங்கே இருந்தார். கேரிக்குக் கருத்தடை செய்ய, அது பரம்பரைக் குறை என்று காட்ட வேண்டும். குழந்தைக்கும் அதே குறை என்று காட்டினால் மூன்று தலைமுறைக் கணக்கு சரியாகிவிடும். கைக்குழந்தை அது. அதைப் பார்த்த சமூகப் பணியாளர் ஒருவர், பார்வை அவ்வளவு இயல்பாக இல்லை என்று சாட்சி சொன்னார். 1927-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், எட்டு நீதிபதிகள் ஆதரவு, ஒருவர் எதிர்ப்பு என்று, கருத்தடை செய்யலாம் எனத் தீர்ப்பளித்தது. ‘மூன்று தலைமுறை மூடர்கள் போதும்’ என்று எழுதினார் நீதிபதி ஹோம்ஸ். கேரிக்கு ஆபரேஷன் நடந்தது. அந்தக் குழந்தை விவியன், பள்ளியில் நன்றாகப் படிப்பவர்கள் பட்டியலில் இடம்பிடித்தாள். எட்டு வயதில் நோய் வந்து இறந்துபோனாள். கேரியின் தங்கை டோரிஸுக்கு, குடல்வால் ஆபரேஷன் என்று சொல்லியே கருத்தடை செய்தார்கள். பிள்ளைக்காக ஏங்கி ஏங்கி, முதுமையில்தான் உண்மையைத் தெரிந்துகொண்டாள். இதை எழுதும்போது இப்போதும் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

இப்படிக் கட்டாயக் கருத்தடை செய்யப்பட்டவர்கள் அமெரிக்காவில் மொத்தம் 60,000 பேருக்கு மேல். நாஜி ஜெர்மனியின் 1933 சட்டத்தில் சுமார் 4 லட்சம் பேர். ஜப்பானில் இப்படியொரு சட்டம் 1996 வரை இருந்தது.

அதனால்தான் நோக்கம் சரி என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பல பரம்பரை நோய்கள் எந்த நோயும் இல்லாத அப்பா அம்மாவிடமிருந்தே வருகின்றன. வயலில் கலவன் கண்ணுக்குத் தெரியும், இது தெரியாது. கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் ஏழ்மையும் கேட்க ஆளில்லாததும்தான். ஒரு தம்பதி டாக்டரிடம் பேசி, பிள்ளை வேண்டாம் என்று தாங்களே முடிவெடுத்தால் அது வேறு. பெரியார் கர்ப்பத்தடையை ஆதரித்ததும் பெண் சுதந்திரமாக இருக்க வேண்டும் என்றுதான்.

நம் நாட்டில் எமர்ஜென்சியின்போது பரம்பரை என்ற பேச்சே இல்லை, ஜனத்தொகை என்றார்கள். 1976-77-இல் மட்டும் 80 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கருத்தடை நடந்தது. எங்கள் ஊர்க் கூலியாள் ஒருவரும் அதில் உண்டு. 23 வயது, கல்யாணம் ஆகவில்லை. தலைக்கணக்கு காட்ட வேண்டிய யாரோ வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கொஞ்சம் பணமும் ஒரு பிளாஸ்டிக் வாளியும் கொடுத்து அனுப்பினார்கள். அப்புறம் யாரும் பெண் கொடுக்கவில்லை. நிலம் வைத்திருந்த எங்கள் வீட்டுக்கு அந்த வேன் வரவில்லை.

சம்பாவில் கலவன் எடுக்க அப்பா அவரைத்தான் கூப்பிடுவார். தாளின் நிறம், கதிர் வரும் நாள், நெல்மணியின் மூக்கில் இருக்கும் கருப்பு எல்லாம் அவருக்கு அத்துப்படி. வரப்பில் நின்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, “என்ன ரகம்ங்க வுட்டுருக்கு?” என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். பதில் வராமல் வயலில் காலை வைக்கமாட்டார்.