மூலம் படிக்காமல் உரைக்குப் போகாதீர்கள்: கபாலா கேள்வி பதில்

யூத மறைஞான மரபான கபாலாவைச் சொந்தமாகப் படிக்க நினைப்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. நான் யூதன் அல்ல, யாருக்கும் குருவும் அல்ல. இந்த நூல்களுக்காகவே ஹீப்ரு கற்றுக்கொண்டு பல வருடங்களாகப் படித்து வருகிறேன்.

கோவை, கல்லூரி மாணவி: சார், ஸோஹரின் ஆங்கில மொழிபெயர்ப்பில் முதல் தொகுதி வாங்கினேன். மூன்று பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

அதில் உங்கள் தவறு எதுவும் இல்லைம்மா. கபாலாவின் முதன்மை நூலான ஸோஹரின் பெரும்பகுதி தோராவுக்கு, அதாவது பைபிளின் முதல் ஐந்து ஆகமங்களுக்கு, எழுதப்பட்ட உரை. திருவாய்மொழியில் ஒரு பாசுரமும் தெரியாமல் அதன் உரையான ஈட்டைப் பிரித்து வைத்தால் என்ன புரியும்? ஆபிரகாம் என்று வந்தால் ஸோஹர் அதை ஹெசத், அருள், என்ற இறைப் பண்பாக வாசிக்கும். ஈசாக்கு என்றால் கெவுரா, கண்டிப்பு. யாக்கோபு இரண்டையும் சமன் செய்கிற திஃபெரெத். கதையில் இவர்கள் என்ன செய்தார்கள் என்று தெரியாதவருக்கு இவை வெறும் பெயர்கள்.

அதனால் முதலில் ஆதியாகமம். மொத்தம் 50 அதிகாரம், தமிழிலேயே இருக்கிறது. நாளுக்கு இரண்டு என்றால் ஒரு மாதத்துக்குள் முடியும். அப்புறம் மோஷே கோர்தோவேரோ எழுதிய தோமெர் தெவோரா. அவர் கலிலேயாவின் சஃபேத் நகரில் வாழ்ந்தவர், 1570இல் இறந்தார். பத்தே அத்தியாயம் உள்ள சிறிய நூல். செஃபிரோத் எனப்படும் பத்து இறைப் பண்புகளைப் படம் போட்டு விளக்காமல், ஒவ்வொன்றுக்கும் மனிதன் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்கிறது. முதல் அத்தியாயத்தில் ஒரு இடம்: மனிதன் பாவம் செய்கிற அந்த நொடியிலும் அவன் கைக்கு அசையும் சக்தியைக் கொடுத்துக்கொண்டிருப்பது கடவுள்தான்; அந்த அவமானத்தை அவர் பொறுத்துக்கொள்கிறார்; நீயும் உன்னை அவமதித்தவனுக்கு நன்மை செய்வதை நிறுத்தாதே. இதை முதல்முறை படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இந்த இரண்டும் முடிந்த பிறகு ஸோஹரை எடுங்கள்.

சேலம்: 40 வயதுக்கு முன் படிக்கக்கூடாதாமே? எனக்கு 24.

அந்த விதிக்கு ஒரு வரலாறு இருக்கிறது தம்பி. 1665இல் சப்பத்தாய் ஸெவி என்பவரை மேசியா என்று அறிவித்தார்கள். கபாலாவின் சொற்களை வைத்தே அந்த இயக்கம் வளர்ந்தது. ஊர் ஊராக யூதர்கள் எருசலேமுக்குப் புறப்படத் தயாரானார்கள். 1666இல் ஒட்டோமான் சுல்தான் முன்னிலையில் அவர் இஸ்லாத்துக்கு மாறினார். நம்பியவர்கள் உடைந்துபோனார்கள். அடுத்த நூற்றாண்டில் யாக்கோப் ஃபிராங்க் என்பவரால் அதே நெருப்பு மறுபடி பற்றியபோது, 1756இல் ப்ரோடி நகரில் கூடிய ரபிகள், அதாவது யூத மதகுருக்கள், ஸோஹருக்கு 30 வயது, ஐசக் லூரியா என்ற கபாலரின் போதனைகளுக்கு 40 வயது என்று வரம்பு வைத்தார்கள். வயது வரம்பு பற்றிய பேச்சு அதற்கு முன்பும் உண்டு, ஆனால் அது கெட்டிப்பட்டது இந்தக் காயத்தால்தான். அந்த லூரியாவே 38 வயதில் இறந்தவர். கோர்தோவேரோ தன் பெருநூலை எழுதி முடித்தது இருபதுகளில். உங்களுக்கு 24 வயது தடை இல்லை. ஆதியாகமம் படிக்காமல் இருப்பதுதான் தடை.

மயிலாப்பூர்: கபாலாவும் நம் கபாலமும் ஒரே சொல்தானே?

இல்லை. ஹீப்ருவில் 'பெறுதல்' என்று பொருள் தரும் வேரிலிருந்து வந்தது. முன்னோரிடமிருந்து பெற்றது என்ற அர்த்தம். இன்றைய இஸ்ரேலில் கடையில் தரும் ரசீதுக்கும் அதே சொல்தான்.

திருப்பூர்: சிவப்புக் கயிறு எந்தக் கையில் கட்ட வேண்டும்?

அது நாட்டு வழக்கம், படிப்பு இல்லை. 'சக்தியேற்றிய' கயிறு என்று விலை சொன்னால் வாங்காதீர்கள்.

திருச்சி, ஓய்வுபெற்ற ஆசிரியர்: ஸோஹரை இரண்டாம் நூற்றாண்டு ரபி ஷிமோன் பார் யோஹாய் எழுதினார் என்கிறார்கள். 13ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் எழுதியது என்றும் சொல்கிறார்கள். எது சரி?

ஐயா, நான் இரண்டாவது பக்கம். 1291இல் ஆக்ரே நகரம் வீழ்ந்தபோது தப்பிய ஐசக் என்ற கபாலர், இந்த நூல் எங்கிருந்து வந்தது என்று விசாரிக்கவே 1305இல் ஸ்பெயினுக்கு வந்தார். அதைப் பிரதி எடுத்துப் பரப்பிய மோசே தெ லெயோனை வாயதோலித் நகரில் சந்தித்தார். பழைய சுவடி ஆவிலாவில் என் வீட்டில் இருக்கிறது, வந்து பாருங்கள் என்று மோசே சத்தியம் செய்தார். வீடு போய்ச் சேருமுன் வழியிலேயே இறந்துவிட்டார். ஆவிலாவில் ஐசக் கேள்விப்பட்டது இது: ஊர்ப் பணக்காரர் ஒருவர் தன் மனைவி மூலமாக மோசேயின் மனைவியிடம், சுவடியைக் கொடுத்தால் உன் மகளை என் மகனுக்கு எடுக்கிறேன் என்று கேட்டிருக்கிறார். அந்த அம்மா, சுவடி என்று ஒன்று கிடையாது, அவர் தன் மனதிலிருந்துதான் எழுதினார் என்று சொல்லிவிட்டார். வறுமையில் இருந்தவர், கொடுக்க ஏதாவது இருந்திருந்தால் கொடுத்திருப்பார்.

யாழ்ப்பாணம்: அப்படியென்றால் அது போலி. போலி நூலை ஏன் படிக்க வேண்டும்?

இந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. அகத்தியர் பேரில் இருக்கும் மருத்துவப் பாடல்களின் தமிழைப் பாருங்கள். சங்க காலத்துக்கு வெகு பின்னால் வந்த தமிழ். அதற்காக அவற்றைக் கிழித்துப் போட்டோமா? பெரியவர் ஒருவர் பேரில் எழுதுவது, நான் சொல்வது புதிதல்ல, அந்த மரபின் குரல் என்று சொல்லும் ஒரு முறை. காசுக்காக அப்படிச் செய்தார் என்றும் அந்த மனைவி சொன்னதாக இருக்கிறது. இருக்கட்டும். காசுக்கு எழுதியதாலேயே ஒரு வரி பொய்யாகிவிடாது.

திருச்சி, அதே ஆசிரியர்: மனைவி சொன்னதை ஐசக் நேரில் கேட்கவில்லையே? காதில் விழுந்த செய்தி சாட்சியாகுமா?

நியாயமான கேள்வி ஐயா. ஐசக்கின் குறிப்பேடே இன்று இல்லை. 16ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் ஒருவர் எடுத்தெழுதிய பகுதிதான் இருக்கிறது, அதுவும் பாதியில் நிற்கிறது. அதனால் அதை மட்டும் நம்ப வேண்டாம், மொழியைப் பாருங்கள். ஸோஹர் எழுதப்பட்ட அரமேய மொழியில் ஸ்பெயின் வாடை அடிக்கிறது. ஸ்பெயின் இருக்கும் ஐபீரியாவில் ஜெப ஆலயத்துக்கு 'எஸ்னோகா' என்பார்கள். ஸோஹர் அதை ஹீப்ருவாகப் பிரித்து 'ஏஷ் நோகா', ஒளிரும் நெருப்பு, என்று பொருள் சொல்கிறது. இரண்டாம் நூற்றாண்டு கலிலேய ரபிக்கு இந்தச் சொல் எப்படித் தெரியும்? 1768இலேயே யாக்கோப் எம்டென் என்ற ரபி, மரபில் ஊறியவர், பிற்காலச் சேர்க்கைகளைப் பட்டியலிட்டார். கபாலா ஆய்வாளர் கெர்ஷோம் ஷோலெம் ஆரம்பத்தில் மோசே எழுதியிருப்பார் என்பதைச் சந்தேகித்தவர். 1941இல் வந்த நூலில் மோசேதான் என்று முடிவுக்கு வந்துவிட்டார். இன்னொரு ஆய்வாளரான யெஹூதா லீபெஸ், ஒருவர் அல்ல, ஒரு குழுவே எழுதியது என்கிறார். எனக்கு லீபெஸ் சொல்வது பொருத்தமாகப் படுகிறது: நண்பர்கள் வழிநெடுக நடந்துகொண்டே வசனம் பேசும் அந்த நூல், அப்படிப் பேசிய நண்பர்களிடமிருந்து வந்ததாகவே தோன்றுகிறது.

யாழ்ப்பாணம், மறுபடியும்: இரண்டாம் நூற்றாண்டு என்று இன்றும் நம்புகிறவர்கள்?

நிறைய இருக்கிறார்கள். அவர்களோடு உட்கார்ந்து படித்தால் இந்த வாதத்தை வெளியே விட்டுவிட்டு உள்ளே போங்கள்.

ஈரோடு: என் பெயருக்கு கெமாத்ரியா பார்த்துச் சொல்லுங்கள்.

கெமாத்ரியா என்பது ஒரு சொல்லின் எழுத்துகளுக்கு உரிய எண்களைக் கூட்டுவது. ஆங்கில எழுத்தில் கூட்டுவது கெமாத்ரியா ஆகாது. ஹீப்ரு எழுத்துகளுக்குத்தான் எண். 'எஹாத்', ஒன்று, 13. 'அஹவா', அன்பு, அதுவும் 13. இரண்டும் சேர்ந்தால் 26, கடவுளின் நாலெழுத்துப் பெயரின் எண். இது தியானிக்க, ஜாதகத்துக்கு அல்ல.

நாகர்கோவில்: டாரட் சீட்டு?

என் துறை இல்லை. ஹீப்ரு எழுத்துகளோடு அதை இணைப்பதைப் பரவலாக்கியது 1850களில் எலிஃபாஸ் லேவி என்ற பிரெஞ்சுக்காரர்.

விழுப்புரம்: சார், எங்கிருந்து ஆரம்பிப்பது?

மேலே சொல்லியிருக்கிறேன். ஆதியாகமம்.

தஞ்சாவூர்: ஹீப்ரு கட்டாயமா? மொழிபெயர்ப்பு போதாதா?

எழுத்துகளும் ஐந்நூறு சொற்களும் கற்றுக்கொள்ளுங்கள். காரணம் முதல் வசனத்திலேயே இருக்கிறது. தமிழ் பைபிளில், "ஆதியிலே தேவன் வானத்தையும் பூமியையும் சிருஷ்டித்தார்". ஹீப்ருவில் வரிசை இப்படி: ஆதியில், சிருஷ்டித்தார், தேவன். தேவன் என்ற சொல் வினைக்குப் பின்னால் வருகிறது. ஸோஹர் அந்த இடத்தில் நின்று, எழுவாய் மறைந்திருக்கிறது என்கிறது: பெயர் சொல்ல முடியாத ஒன்று, ஆதியைக் கொண்டு, தேவனைப் படைத்தது. அந்தப் பெயரில்லாததுதான் எய்ன் சோஃப், முடிவிலி. ஆதி என்பது ஹோக்மா, ஞானம். தேவன் என்பது பினா, அறிவு. சாதாரண இலக்கணம் இதை ஏற்காது. ஆனால் ஹீப்ரு வரிசை அந்தக் கதவைச் சற்றுத் திறந்து வைத்திருக்கிறது. தமிழில் 'தேவன்' என்று எழுவாயாக வைத்ததும் அது சாத்திவிடுகிறது. 'தேவனை' என்று ஐ உருபு போட்டால் மூல வசனமே மாறிப்போகிறது. மொழிபெயர்த்தவர் மேல் குற்றம் இல்லை, நம் மொழியின் அமைப்பு அது.

வேலூர்: அண்ணா, மூன்று வாரமாக ராத்திரி முழுக்க ஹீப்ரு எழுத்துகளை வைத்து தியானம் செய்கிறேன். தூக்கம் வருவதில்லை. எழுத்துகள் பேசுவது போல இருக்கிறது. முன்னேற்றம்தானே?

தம்பி, இன்றைக்கே நிறுத்துங்கள். இன்று வீட்டில் ஒருவரிடம் இதைச் சொல்லுங்கள், நாளை காலையில் டாக்டரைப் பாருங்கள். யூதச் சட்டமும் மரபும் தொகுத்த பழைய நூலான தால்முத்தில் நான்கு பேர் பர்தேஸ் என்ற சோலைக்குள் நுழைந்த கதை உண்டு. பென் அஸ்ஸாய் பார்த்தார், இறந்தார். பென் ஸோமா பார்த்தார், புத்தி பேதலித்தார். மூன்றாமவர் செடிகளை வெட்டினார், அதாவது நம்பிக்கையைத் துறந்தார். ரபி அகிவா மட்டும் அமைதியாகத் திரும்பினார். மூன்று பேர் கெட்ட கதையை அவர்களே மறைக்காமல் எழுதி வைத்தது உங்களைப் போன்றவர்களுக்காகத்தான். தூக்கம் திரும்பிய பிறகு எழுதுங்கள், காத்திருப்பேன்.

கொச்சியில் வேலை பார்ப்பவர்: இங்கே ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு. மட்டாஞ்சேரி யூதத் தெருப் பக்கம் நெஹெமியா மோத்தா என்ற கபாலரின் கல்லறை இருக்கிறது. ஒருநாள் போய் வாருங்கள்.

கடலூர்: எங்கிருந்து ஆரம்பிப்பது? நேராகப் பத்து செஃபிரோத் படம் பார்த்துத் தியானம் செய்யலாமா?

கூடாது. மேலே வேலூர் தம்பிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

மதுரை, இல்லத்தரசி: தனியாகப் படிக்கலாமா? கூடப் படிக்க எங்கள் ஊரில் யாரும் இல்லை.

யூதர்கள் இதையெல்லாம் இருவராக உட்கார்ந்து, வாய்விட்டு வாசித்து, சண்டை போட்டுப் படிப்பார்கள். தனியே படித்தால் நம் கற்பனையையே பதிலாக எடுத்துக்கொள்வோம். உங்களைப் போலவே விழுப்புரமும் கடலூரும் கேட்டிருக்கிறார்கள் அம்மா. மூவரும் போனில் சேர்ந்து படிக்கலாமே. இந்த வாரம் ஆதியாகமம் முதல் அதிகாரம், 31 வசனம். மூன்றாம் வசனத்தில் வெளிச்சம் வருகிறது, சூரியன் பதினாறாம் வசனத்தில்தான் வருகிறது. இடையில் இருந்தது என்ன வெளிச்சம் என்று பேசிவிட்டு எனக்கு எழுதுங்கள்.