தேதி உதைக்கிறதா? கேளுங்கள்

கேள்வி: அண்ணா, உபுண்டு லினக்ஸில் ஓடும் ஷெல் ஸ்கிரிப்ட் (கட்டளைக் கோப்பு), மேக்கில் எழுத்தைத் தேதியாகப் படிக்கும் ‘டேட் மைனஸ் டி’ (date -d) வரியிலேயே விழுகிறதே?

பதில்: லினக்ஸில் பொதுவாக இருப்பது குனு (GNU) திட்டத்தின் டேட், மேக்கில் இருப்பது பிஎஸ்டி (BSD) என்ற வேறொரு யூனிக்ஸ் வம்சத்தின் டேட். பெயர் ஒன்று, ஆள் வேறு. கொடுத்த எழுத்தைத் தேதியாகப் படிக்க மேக்கில் ‘மைனஸ் ஜே மைனஸ் எஃப்’ (-j -f) போட்டு, வடிவத்தையும் நீங்களே சொல்ல வேண்டும். ஜே-யை விட்டால் கணினிக் கடிகாரத்தையே மாற்றப் பார்க்கும்.

இதில் ஒரு குழி உண்டு. ஆண்டு, மாதம், நாள் மட்டும் கொடுத்தால் குனு அதை நள்ளிரவு என்று எடுத்துக்கொள்ளும். மேக்கோ அந்த நொடியின் மணியை ஒட்டிவிடும். மாலை 4.17க்கு ஓட்டினால் 2024-03-01 என்பது 16:17 ஆகிவிடும். நாள் வித்தியாசம் கணக்கிடும் என் ஸ்கிரிப்ட் ஒன்று காலையில் ஒரு விடை, மாலையில் வேறு விடை சொல்லி ஒரு வாரம் அலைய வைத்தது. 00:00:00 சேர்த்தே கொடுங்கள்.

கேள்வி: ஆல்பைன் என்ற சிறிய லினக்ஸ் ஓடும் டாக்கர் பெட்டகத்தில் டேட் எப்படி?

பதில்: அங்கே பிஸிபாக்ஸ் என்ற சுருக்கக் கட்டளைத் தொகுப்பின் டேட், மூன்றாவது ஆள். ‘எஸ்டர்டே’ (yesterday, நேற்று) என்றால் புரியாது. குனு டேட் உள்ள கோர்யூட்டில்ஸ் பொதியை நிறுவுங்கள்.

கேள்வி: பைத்தானில் முன்னால் சுழியம் இல்லாமல் நாளை அச்சிடும் ‘சதவீதம், கோடு, டி’ (%-d) விண்டோஸில் பிழை தருகிறது.

பதில்: அங்கே கோட்டுக்குப் பதில் ஹாஷ் (#). இரண்டும் வேண்டாம், நாள் எண்ணை நேராக எடுத்து அச்சிடுங்கள்.

கேள்வி: நேரத்தோடு ‘ஐஎஸ்டி’ என்று எழுதினால் போதாதா சார்?

பதில்: போதாது. இந்தியா, இஸ்ரேல், அயர்லாந்து மூன்றுக்கும் அதே மூன்றெழுத்து. உலகப் பொது நேரத்துக்கு (யூடிசி) எவ்வளவு முன்னே என்பதை +05:30 என்று எழுதுங்கள்.

குறுக்கே ஒருவர்: எண்ணும் ஏமாற்றும். இலங்கையில் 1996இல் கடிகாரம் +06:30 ஆகி, அதே ஆண்டு +06:00 ஆகி, 2006 ஏப்ரலில்தான் +05:30க்குத் திரும்பியது. 1999இன் பதிவுக்கு +05:30 ஒட்டுவீர்களா?

பதில்: சரி, ஒப்புக்கொள்கிறேன். பழைய உள்ளூர் நேரத்துக்கு ‘ஏசியா/கொழும்பு’ (Asia/Colombo) என்ற நேர மண்டலப் பெயர் வேண்டும்; அந்த ஊரின் பழைய மாற்றங்கள் எல்லாம் அதில் அடக்கம். வருங்காலச் சந்திப்புக்கும் அப்படியே, நாளை அரசு என்ன மாற்றும் என்று யார் கண்டது? விண்டோஸ் பைத்தானில் அந்தப் பெயர் வேலைசெய்ய நேர மண்டலத் தகவல் உள்ள ‘டிஇசட்டேட்டா’ (tzdata) பொதியையும் நிறுவுங்கள்.

கேள்வி: மேக்கில் மைனஸ் டி வேலை செய்யவில்லை.

பதில்: முதல் கேள்வி.

கேள்வி: எனக்கும் மேக்தான், மைனஸ் டி…

பதில்: மேலே. தயவுசெய்து மேலே.

கேள்வி: விஷுவல் சி++இல் எழுத்தைத் தேதியாக்கும் ‘எஸ்டிஆர்பி-டைம்’ (strptime) காணோமே?

பதில்: மைக்ரோசாஃப்ட் நூலகத்தில் அது கிடையாது. எழுத்தை ஒரு ஸ்ட்ரீமில் (உள்ளீட்டு ஓடை) வைத்து ‘கெட் டைம்’ (std::get_time) போட்டுப் படியுங்கள். அப்புறம், அந்த வரியில் ஐஎஸ்டி இருந்தால் அழித்துவிட்டு வாருங்கள்.