கலெக்டர் ஆகலாம் என்று சொல்லாதீர்கள்

அன்புள்ள ஐயா,

திருவாரூரில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். திருச்சி கொட்டப்பட்டு இலங்கைத் தமிழர் முகாமில் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்க நண்பர்களோடு திட்டமிட்டிருக்கிறோம். தன்னம்பிக்கைப் பேச்சும் உண்டு. போரின் காயத்திலிருந்து அவர்கள் மீள எந்தப் புத்தகங்களைக் கொண்டுபோகலாம்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

சில நாளாக நானும் இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க வந்த பையன் முகாமில் பிறந்தவன், பி.இ. முடித்தவன். அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது, கம்பெனியில் பாஸ்போர்ட் கேட்கிறார்கள் என்றான்.

போர்க்காயத்தை விடுங்கள். 1983க்குப் பிறகு படகேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். பலருடைய அப்பா அம்மாவே இங்கே பிறந்தவர்கள்தான்.

எனக்குக் கோபம் வருவது அந்தத் தன்னம்பிக்கைப் பேச்சில். ஒரு முகாமின் ஆண்டுவிழாவுக்குப் போயிருந்தேன். எனக்கு முன்னால் பேசியவர், "நன்றாகப் படித்தால் நீங்களும் கலெக்டர் ஆகலாம்" என்றார். பெரிய பிள்ளைகள் சிரித்தார்கள். பேச்சு எடுபடுகிறது என்று நினைத்து அவர் மறுபடியும் அதையே சொன்னார். ஐ.ஏ.எஸ். ஆக இந்தியக் குடியுரிமை வேண்டும் என்பது ஒன்பதாம் வகுப்புப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது, மேடையில் நின்றவருக்குத் தெரியவில்லை. இந்த மண்ணில் பிறந்தாலே குடியுரிமை என்ற வழி 1987 ஜூலை 1-ஓடு அடைபட்டுவிட்டது. அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2019 குடியுரிமைச் சட்டத் திருத்தத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் இருக்கின்றன, இலங்கை இல்லை. தொப்புள்கொடி உறவு என்று உருகுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு உருகக்கூடாதா? நீங்களும்தான். ஒரு பிள்ளை எழுந்து, "படிச்சு என்ன ஆகப்போறோம் அண்ணா?" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?

சரி, வகுப்புக்கு வருகிறேன். முகாம்களில் மாலை வகுப்பு ஒன்றும் புதிதல்ல. 1984ல் இலங்கைத் தமிழர் தலைவர் செல்வநாயகத்தின் மகன் சந்திரஹாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், முகாமிலேயே படித்து வந்தவர்களை ஆசிரியர்களாக வைத்து நடத்திவந்திருக்கிறது. 2021க்குப் பிறகு அரசு புது வீடுகள் கட்டித் தருகிறது, நல்லதுதான். ஆனால் பழைய பத்துக்குப் பத்து அறையில் அடுப்பும் டிவியும் தாத்தாவின் இருமலுமாக இருக்கும்போது எட்டாம் வகுப்புப் பிள்ளை எங்கே உட்கார்ந்து படிக்கும்? வெளிச்சமும் ஒரு பாயும் அதட்டுவதற்கு ஓர் அக்காவும் இருக்கிற இடம்தான் அந்த வகுப்பு.

வருவாய்த் துறையிடம் அனுமதி வாங்கிக்கொண்டு போங்கள். போனதும் அந்த அக்காவிடம் என்ன வேலை இருக்கிறது என்று கேளுங்கள். கணக்கு என்றால் கணக்கு. வினாத்தாள் ஜெராக்ஸ் என்றால் ஜெராக்ஸ். அகதி அட்டையில் ஒரு பெயர், டி.சி.யில் வேறு இனிஷியல் என்று அல்லாடுகிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுங்கள். கல்லூரியில் சேரும்போது அதுதான் முதலில் இடறும். புத்தகப் பட்டியல் அப்புறம் பார்க்கலாம்.

ஆண்டுத் தேர்வுவரை விடாமல் போக முடியாதென்றால் இப்போதே சொல்லிவிடுங்கள், அக்கா வேறு ஏற்பாடு செய்துகொள்வார். அப்புறம், பிள்ளைகளை நிற்கவைத்துப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கிற வேலையெல்லாம் வேண்டாம்.